ஏட்டி

என் மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம். சொந்தமாகச் சொல் கோக்க வராது. கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வாள். தாகமெடுத்தால் "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்பாள். நான் கேட்கும் கேள்விதான் அது, என் இழுவையோடு. வீட்டில் ஒரே மாதிரி, தெளிவாகப் பேசச் சொன்னார் பேச்சுப் பயிற்சியாளர். அன்றே என் சுரண்டை ஊர்ப் பேச்சை மூட்டை கட்டிவிட்டுப் பாடப்புத்தகம் மாதிரி பேச ஆரம்பித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் டம்ளரைத் தட்டிவிட்டவள், காதைப் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்துச் சொன்னாள்: "ஏட்டி, அழுதன்னா ரூமுல போட்டு பூட்டிருவேன்."

எங்கள் பக்கத்தில் 'அடியே' என்பதைத்தான் 'ஏட்டி' என்போம்; நான் அதை விட்டு நாளாயிற்று. ஏட்டியா? அவள் அப்பா துபாயில். வீட்டில் நாங்கள் இருவர்தான். தென்காசியில் அவள் போகும் பயிற்சி மையத்து ஆயாவுக்குத்தான் வாய்க்கு வாய் ஏட்டி. இலத்தூர்க்காரி. சிரித்தபடி பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அந்தச் சிரிப்பே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. குளிப்பாட்டும்போது பிள்ளையின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. கெட்டிக்காரி, தடயம் வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். மையத்து ஸ்டோர் ரூமுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போதாதா?

"சத்தியமா அப்படிச் சொல்லுத ஆளு நான் இல்லக்கா" என்று அழுதாள் ஆயா, மையத்தில் போய் நான் கேட்டதும்.

"கேட்காததை என் பிள்ளை சொல்லாது" என்றேன், எல்லார் முன்னாலும். அந்தச் சனிக்கிழமையே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் குற்றாலம். நல்ல சாரல். அருவி இரைச்சலில் மிரண்டு, ஈரத் தரையில் விழுந்து வீறிட்டாள் மகள். "பிள்ள வளத்த லெச்சணத்தப் பாரு" என்றது பெண்கள் வரிசையில் ஒரு குரல். எனக்குச் சுள்ளென்று ஏறியது. குனிந்து, பல்லைக் கடித்து, "ஏட்டி, அழுதன்னா..." என்றேன்.

"ரூமுல போட்டு பூட்டிருவேன்" என்று முடித்துவைத்தாள். அச்சு அசல் என் குரல்.

புத்தகத் தமிழெல்லாம் கோபம் வரும்வரைதான் போல. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

திரும்பும்போது ஆட்டோவில் தன் நெஞ்சைத் தானே தடவிக்கொண்டு சொன்னாள்: "பயப்படாத பிள்ள, அக்கா இங்கனதான் இருக்கேன்."

அது இலத்தூர்க்காரியின் குரல். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அந்த அக்கா அங்கே இருக்க மாட்டாள் என்பதை எந்தத் தமிழில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.