அட்டை அடிக்கிற அன்னம்மாள் கையெழுத்துப் போடவில்லை

அன்னம்மாளுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் குமரகுருவின் மேசைக்கு முன்னால் நின்றபோது முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேசையில் ஒரு மன்னிப்புக் கடிதம். மகள் சிம்ரன் எழுதியதாக ஆசிரியரே எழுதிவைத்திருந்தார். தாயார் கையெழுத்துப் போட்டால் விஷயம் இத்தோடு முடிந்தது. போடாவிட்டால் தலைமையாசிரியரிடம் போகும்.

சங்கதி இதுதான். மாவட்டப் போட்டிக்குச் சேலைக் கரை டிசைனைக் கட்டத் தாளில் வரைய வேண்டும். பத்தாம் வகுப்பில் சிம்ரன் வரைந்ததும் சிவபாலன் வரைந்ததும் ஒரே மாதிரி இருந்தன. சிவபாலன் நெசவு வீட்டுப் பையன், சிம்ரன் காலனிப் பெண். யாரைப் பார்த்து யார் வரைந்தது என்று விசாரிக்க வேண்டும் என்றே குமரகுருவுக்குத் தோன்றவில்லை. தானே வரைந்தது என்று சிம்ரன் சொன்னதையும் நம்பவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால், "உங்க ஜனங்களுக்கு ஓட்டப்பந்தயம் வரும், இதெல்லாம் வராது" என்று சொல்லி போட்டிப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. சொந்தக் காசில் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் வாங்கித் தருகிறவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால்தான் பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

"கையெழுத்துப் போடும்மா. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிடுச்சு. நான் பெருசு பண்ணல."

அன்னம்மாள் முசரவாக்கத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் அந்தக் காலத்துக் கணக்கு வாத்தியார், "உங்க தெருவுக்குக் கணக்கு எதுக்கு?" என்று அவளை வகுப்பறை பெருக்க அனுப்புவார். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்காமல் பெருக்கினாள். எட்டாவதோடு நின்றுவிட்டாள். கேட்காமல் விட்டதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு ஆத்திரம் வரும்.

பிறகு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் அட்டை அடிக்கக் கற்றுக்கொண்டாள். டிசைன் தாளில் கட்டம் கட்டமாகப் பார்த்து, அதன்படி அட்டையில் ஓட்டை போடுகிற வேலை. அந்த அட்டைகள் தறிமேல் ஏறினால்தான் சேலையில் மயில் விழும். ஒரு ஓட்டை பிசகினால் மயிலுக்கு மூக்கு இருக்காது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் மயிலும் மாங்காயும் அடித்துக் கொடுத்தவளின் பெயரை எந்தத் தறிக்காரரும் கேட்டதில்லை.

"ரெண்டு தாளையும் காட்டுங்க சார்" என்றாள்.

குமரகுரு சலித்துக்கொண்டே எடுத்துப் போட்டார். இரண்டிலும் வரிசை எண் கீழிருந்து மேலே ஏறியது. எட்டுக் கட்டத்துக்கு ஒரு பென்சில் கோடு. ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளி.

"இந்தப் புள்ளி, அடிச்சது எது வரைக்கும்னு நாங்க வச்சிக்கிற அடையாளம் சார். இருவது வருஷமா அட்டை அடிச்சிக்கினு இருக்கறேன். எம்பொண்ணு பக்கத்துல குந்திக்கினு பாத்துப் பழகினது. நெய்யறவங்க இந்தத் தாளைத் தொடறதே இல்ல. அவங்க கைக்கு அட்டையாத்தான் போவுது."

"மீன் குஞ்சுக்கு யாராவது நீச்சல் கத்துக் குடுப்பாங்களாம்மா? அவன் தறி வீட்டுப் புள்ள."

"அப்போ ரெண்டு பேரையும் கூப்பிட்டு இங்கயே வரையச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கையெழுத்து கேளுங்க."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்குப் பயமாக இருந்தது. அழுது வீங்கிய கண்ணோடு வந்து நிற்கிற பிள்ளைக்குக் கை ஓடாவிட்டால்?

குமரகுரு இருவரையும் வரவழைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். சிம்ரன் அம்மாவைப் பார்க்கவேயில்லை. முதல் இரண்டு கட்டத்தைத் தப்பாக நிரப்பி அழித்தாள். குமரகுரு உதட்டைப் பிதுக்கினார். அவள் மறுபடி கீழ் வரிசையிலிருந்து தொடங்கினாள், அப்புறம் நிற்கவில்லை. சிவபாலன் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வரைடா. உங்கப்பா எவ்ளோ பெரிய நெசவாளி!"

"எனக்கு வராது சார்." பையன் தலையைத் தூக்கவில்லை. "சிம்ரன்தான் கட்டம் கட்டமா சொல்லிக் குடுத்துச்சு. நெசவு வீட்டுப் பையன், உனக்குத் தன்னால வரும்னு டெய்லி சொல்லிக்கினே இருந்தீங்க. வராதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சார்."

 குமரகுரு கடிதத்தை எடுத்துக் கிழித்தார்.

"சரிம்மா, பேரை எழுதிடறேன். நீங்க கெளம்புங்க. வேலைக்கு நேரமாவுது இல்ல?"

அன்னம்மாள் நகரவில்லை.

"நாப்பது புள்ளைங்க முன்னால சொன்னீங்க சார். அங்க வந்து சொல்லுங்க."

அவர் பார்த்த பார்வைக்கு வேறொரு நாளாக இருந்தால் ஓடியே போயிருப்பாள். இன்றைக்கு நின்றாள். கடைசியில் அவர்தான் எழுந்தார்.

வகுப்பில் நுழைந்து, "அது சிம்ரன் வரைஞ்சது" என்றார். அதோடு போதும் என்பதுபோலத் திரும்பினார். வாசலில் அன்னம்மாள் வழியை விடாமல் நின்றிருந்தாள்.

"நான் தப்பாப் பேசிட்டேன்" என்றார் குமரகுரு, இந்த முறை பிள்ளைகளைப் பார்த்து. "அவளையும் பேசினேன், அவ ஜனங்களையும் பேசினேன். பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு சிம்ரன்."

 கடைசி பெஞ்சிலிருந்து காலனிப் பெண் தேவிப்ரியா மெதுவாக எழுந்து நின்றாள்.

"சார், போட்டிக்கு நானும் பேர் குடுக்கலாமா?"