ரசமட்டம் மாட்டிய கோணல் படம்

கண்காட்சிக் கூடத்தில் படம் மாட்டுபவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மட்டம் பார்க்கும் அந்தக் குமிழிக் கருவி இருபத்திரண்டு வருடமாக அவர் சட்டைப் பையில்தான் குடியிருக்கிறது. பல் டாக்டரிடம் போனால்கூட, சுவர்க் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அவர் கண்ணில் பட்டும் பிழைத்த ஒரே கோணல், சொந்த மகனின் தலைவகிடு.

ஊர்விட்டு ஊர் வந்த ஒன்பது ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி வைக்க வந்தார்கள். அதில் ஒரு பெண் தன் படத்தைத் தானே மாட்டினாள். காலி அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பம். படம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. ரசமட்டம் நிமிர்த்தினார். அவள் சாய்த்தாள். நாலு நாள் இப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, அது வேணும்னே சாய்ச்சு வச்சது. எங்க வீட்டுக் குடும்பப் போட்டோவுக்கு ரெண்டு ஆணி வேணும். வாடகை வீட்ல புதுசா ஆணி அடிக்க விட மாட்டாங்க. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன ஒத்தை ஆணிதான். அஞ்சு வீட்லயும் சாஞ்சேதான் தொங்குச்சு."

ரசமட்டம் மாறியது ஏழு வாடகை வீடு.

விஷயம் காதுக்கு எட்டியதும் கூடத்து மேனேஜர் சொன்னார்: "இன்னொரு தடவை அது நேரா இருந்துச்சுன்னா, நீங்க வீட்ல உக்காந்து உங்க சுவத்த நிமித்திக்கலாம்."

திறப்பு நாள் காலை. ரசமட்டம் தொடவே இல்லை; படம் நேராக நின்றது. தெருவில் லாரி போகப் போக, ஒற்றை ஆணியில் தானாக நிமிர்ந்திருக்கிறது. சொன்னால் எவன் நம்புவான்? பூனை பாலைக் குடிக்கவில்லை என்று பூனையே சாட்சி சொன்ன கதைதான். மேனேஜர் வர அரை மணி இருந்தது. சுத்தியலை எடுத்தார்.

மூன்றாவது ஆணியை அடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

"என்னண்ணே பண்றீங்க?"

"நேரா நிக்க ரெண்டு ஆணி போதும்மா. சாஞ்சே நிக்கணும்னா மூணு வேணும்."

"எவ்வளவு சாய்க்கணும்னு எப்படித் தெரியும்?"

"மூணு விரல். தினம் நிமித்தினவனுக்குத் தெரியாதா?"

மேனேஜர் வந்தார், கோணலைப் பார்த்தார், திருப்தியாகப் போனார்.

மாலையில் ரசமட்டத்தின் மனைவி வந்தாள். மற்ற படங்களை நடந்தபடி பார்த்தவள், அந்தக் கோணல் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏங்க, நம்ம மூணாவது வீடு மாதிரியே இருக்கு. ஆனா யாருங்க இவ்வளவு கோணலா மாட்டினது?"

"நான்தான்."

யார் காதிலாவது விழுந்ததா என்று அவள் அவசரமாகச் சுற்றிப் பார்த்தாள்.