‘அறுத்துடலாம்’

போன வருடம் என் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது இது. நாங்கள் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் இருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலையில். கணவருக்கு வேலை மாற்றலாகி இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

அரையாண்டுத் தேர்வில் தமிழில் மார்க் குறைந்ததிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. துணைப்பாடக் கதை நாலு பக்கம்தான். அதை எடுத்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும். நான் கத்துவேன். கொஞ்ச நாளாக அவள் பதிலுக்குக் கத்துவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று ஐயம்பேட்டையில் தோழி வீட்டில் சேர்ந்து படிப்பதாகச் சொல்லிப் போயிருந்தாள். அவள் மேஜையை ஒழுங்குபடுத்தும்போது கணக்கு நோட்டிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. தோழியின் கையெழுத்து.

“சனிக்கிழமை எங்க வீட்லயே அறுத்துடலாம். பிளேடு நான் எடுத்து வைக்கிறேன். உங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.”

சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கூப்பிட்டுப் பேசலாம் என்றால், அவள் போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி வைத்ததே நான்தான். தோழி வீட்டு எண்ணும் என்னிடம் இல்லை. ஓடிப்போய் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். “இன்னும் ரெண்டு பேர் வரட்டும்மா, என்னா அவசரம்?” என்று திரும்பிய டிரைவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே வண்டியை எடுத்தார்.

அது நெசவாளர் வீடு. தோழியின் அம்மா தறியில் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். தறிக்குப் பின்னால் தரையில் நாலு பெண்கள். நடுவில் ஒரு தடித்த பழைய பேய்க்கதைப் புத்தகம். என் மகள் அதை விரித்துப் பிடித்திருக்க, தோழி அதன் முதுகுத் தையலைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே புத்தகம், நாலு பேர். யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. அதனால் ஆளுக்கொரு பாகம். கடைசிப் பாகம் கிடைத்தவள் முடிவைப் பற்றி வாயே திறக்கக் கூடாதாம்.

சீட்டை நீட்டினேன். தோழியின் அம்மா படித்துவிட்டுச் சிரித்தார். “சேலை நெய்து முடிச்சு தறியிலருந்து வெட்டி எடுத்தா ‘அறுத்தாச்சா’ன்னுதான் நாங்க கேப்போம். எங்களுக்கு அது நல்ல வார்த்தைமா.” பிறகு நான் இன்னும் செருப்போடு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, தண்ணீர் கொண்டுவந்தார்.

மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். “எம்மா, பேய்க்கதைக்கா இவ்ளோ அழுவுற?” என்றாள். சீட்டை அவளே ஒருமுறை படித்த பிறகு, என் கையை விடவே இல்லை.

திரும்பி வரும்போது, பாடக் கதை மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

“அதைப் படிச்சு முடிச்சதும் கேள்வி கேக்குறாங்கமா. இதுல அடுத்து என்னன்னு நாங்கதான் கேட்டுக்கினு இருப்போம்.”

எத்தனை பக்கம், எத்தனை மார்க் என்பதைத் தவிர நான் அவளிடம் எதுவும் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

அவள் பங்குக்கு வந்தது மூன்றாம் பாகம். மறுநாள் அதை நானும் புரட்டினேன். முதல் பாகம் யாரிடம் இருக்கிறது என்று நான்தான் விசாரித்தேன். துணைப்பாடத்தை இப்போது கடைசியில் உள்ள கேள்விகளை மூடி வைத்துவிட்டு இருவரும் சேர்ந்து படிக்கிறோம். கொட்டாவி போகவில்லை. ஆனால் ஒருநாள், “இது கூட நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

அந்தச் சீட்டை நான் தூக்கி எறியவில்லை. மார்க்கைக் கேட்கப் போகும் வாயை, “இப்போ எந்தப் பாகம் ஓடுது?” என்று மாற்றிக் கேட்க வைப்பது அதுதான்.