கத்தாத வைரஸ்

இன்று காலை ஒரு வெப்சைட் பார்த்துக்கொண்டிருந்தபோது சிவப்புப் பெட்டி ஒன்று திரையில் குதித்து, கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ் என்று அலறியது.

தங்கை மகள் சர்ச்சில் புதுநன்மை வாங்கிய விழாவின் போட்டோக்கள் இருந்த பென் டிரைவை எடுத்துக்கொண்டு மூலக்குளம் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

கடைக்கார ஸ்டெல்லா அக்கா சிரித்தார். "வெப்சைட்ல வந்துச்சா? அப்ப அது டுபாக்கூர். பயமுறுத்தி சாஃப்ட்வேர் விக்கறானுங்க. மூடிட்டு வேலையப் பாரு."

போன உயிர் திரும்பி வந்தது. "இதையும் ஒரு தடவ பாத்துடுக்கா" என்று பென் டிரைவை நீட்டினேன்.

செருகியதும் அக்காவின் சிரிப்பு நின்றது. போட்டோ ஃபோல்டருக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர்.

"இது ஃபோல்டர் இல்ல, அது மாதிரி வேஷம் போட்ட வார்ம், தானாப் பரவுற வைரஸ். தொறந்தா மிஷினுக்குள்ள எறங்கிடும். சத்தமே போடாது. தேதியப் பாரு, ரெண்டு வாரமா இருக்குது."

போன ஞாயிறு பூசை முடிந்ததும் இந்தப் பென் டிரைவை வீடு வீடாகக் கொடுத்தனுப்பியதே நான்தான். பெரியப்பா தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பாரிஸுக்கே போய்விட்டார்.

போட்டோ வாங்கிய சொந்தங்களே, உங்கள் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் சமர்த்தாக இருந்தால், தயவுசெய்து உடனே எனக்குச் சொல்லுங்கள்.