பதினைந்து பாகம்

முல்லைத்தீவுக் கடலில் மூன்று நாள் படகிலேயே தங்கி, கடலடிவரை சுழியோடப் போனோம். திட்டம் போடுவது நான்தான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. பவளப்பாறை எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு, படகோட்டி அன்ரன் “பதினைஞ்சு” என்றார். பதினைந்து மீற்றர் என்று எழுதி, அதற்கேற்பச் சிலிண்டர் காற்றும் நேரமும் கணக்கிட்டேன்.

இறங்குமுன் திட்டத்தை எல்லோருக்கும் வாசித்தேன். அன்ரன் பதறிப்போய் இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

“அக்கா, நாங்கள் பாகத்திலதான் சொல்லுறனாங்கள். ஒரு பாகம் இவ்வளவு.”

கிட்டத்தட்ட இருமடங்கு ஆழம். நடுவழியிலேயே காற்று தீர்ந்திருக்கும். வெட்கத்தோடு முழுவதையும் மாற்றி எழுதினேன்.

கீழே மஞ்சள் மீன்கள் கூட்டமாக எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. மேலே வந்ததும் அன்ரன், “எப்பிடி அக்கா?” என்றார். அவரைப் போலவே கைகளை அகல விரித்துக் காட்டினேன். அந்த அளவும் போதவில்லை.