மூன்றாவது கிளட்ச்

பட்டறையில் அவருக்குப் பெயர் சோப்பு. லாரிகளுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவர், ஆனாலும் கிரீஸ் பிசுக்கைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். ஒரு வேலை முடிந்து இன்னொன்றைத் தொடும் முன் முழங்கை வரை நுரைக்க நுரைக்கக் கழுவுவார். பிடித்து வந்த தொழில் இல்லை. கைக்கு வந்துவிட்டது, விட முடியவில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மைத்துனன் பச்சைத்தோல் லாரி ஓட்டினான். உப்புத் தடவிய மாட்டுத்தோல்களைப் பதனிடும் ஆலைக்குக் கொண்டுபோகும் வண்டி. அந்த மழைக்காலத்திலேயே மூன்றாவது முறையாகக் கிளட்ச் கருகி, பாரத்தோடு இழுத்துவரப்பட்டு, பட்டறை வாசலில் நின்றது. தெருவே மூக்கைப் பிடித்தது.

"மறுபடியுமா மாப்ள?"

"நீங்க போட்ட பிளேட்டுதான் மாமா சரியில்ல போல."

சோப்பு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். பலகை இடுக்குகளிலிருந்து உப்பும் நிணமும் கலந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. வெளியே ஓடி வந்து காறித் துப்பிவிட்டு மறுபடி நுழைந்தார். கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி இறக்கியதும் கருகிய நாற்றம் குப்பென்று அடித்தது. பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. அது உரசிச் சுழலும் ஃப்ளைவீலின் முகம் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது.

"கிளட்ச் பெடல் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற."

"இல்லவே இல்ல மாமா. அக்கா மேல சத்தியம்."

தன் மனைவியின் தலையில் அடித்துப் பொய் சொல்கிறானே என்று சோப்புக்குத் தோலைவிட அந்தச் சத்தியம் அதிகமாக நாறியது. ஃப்ளைவீலைக் கடைசலுக்கு அனுப்பினார். அது வந்ததும் புது பிளேட்டைப் பழைய ஷாஃப்டில் கோத்து மையம் பார்த்து முடுக்கினார். பேரிங்கையும் மாற்றி, கியர்பாக்ஸை ஏற்றிக் கட்டினார்.

"ஓட்டிக் காட்டு. நானும் வரேன்."

கேபினில் ஏறி அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மூன்றாவது கியருக்குப் போனது. ரப்பர் பூட்ஸ் போட்ட இடது கால் பெடலிலேயே இருந்தது.

"காலை எடுடா."

"எடுத்துட்டேனே மாமா."

கால் அங்கேயே இருந்தது. சோப்பு குனிந்து அந்தப் பாதத்தைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் நெரித்தார். மைத்துனன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓரங்கட்டு."

பூட்ஸைக் கழற்றியபோது ஓட்டை விழுந்த காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலுக்கு அடியில், அழுகிய சதைக்குள், ஒரு வாஷர் புதைந்து கிடந்தது. பூட்ஸுக்குள் எப்போதோ விழுந்தது. சோப்பு கதவைத் திறந்து, சாலையோரம் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.

"இது இருக்கறதே தெரியலையா உனக்கு?"

"வலிக்கலையே மாமா." அவன் முகம் வெளிறிவிட்டது. "சர்க்கரை இருக்குன்னாங்க, கால் மரத்துப்போகும்னாங்க. வெளிய சொன்னா வண்டிய புடுங்கிடுவாங்கன்னு..."

"மரத்த காலோட இத்தனை பாரத்த பள்ளிக்கூட வாசல் வழியா ஓட்டிட்டுத் திரிஞ்சியா? தூ."

சோப்பே ஸ்டியரிங்கைப் பிடித்து, தோல் பாரத்தோடு ஆஸ்பத்திரிக்குள் வண்டியை விட்டார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. மறுநாளே வண்டி முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மைத்துனனுக்கு வேலை போயிற்று.

மனைவி அவரோடு பேச்சை நிறுத்தினாள். தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்தவள், புண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கட்டு மாற்றுகிற வேலை சோப்பின் தலையில் விழுந்தது. தினமும் குமட்டியது, தினமும் திட்டிக்கொண்டே செய்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் மாமா," என்றான் அவன் ஒருநாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஆட்டாதடா காலை," என்றார் சோப்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பழைய பஞ்சை இடுக்கியால் உரித்து எடுத்தார். அடியில் புதுச் சதை கொஞ்சம் சிவக்கத் தொடங்கியிருந்தது.