முட்டி இடிக்காத வண்டி

சிராய்த்த முட்டியில் உப்புப் பாத்தித் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் தெரியுமா… பல்லைக் கடித்துக்கொண்டாலும் கண்ணில் நீர் வந்துவிடும்.

2005. மரக்காணம் உப்பளத்து வரப்பில் அப்பாவின் மொபெட்டை ஓட்டிப் போனவள், வளைவில் திருப்ப முடியாமல் நேராகப் பாத்திக்குள் இறங்கிவிட்டேன். ஓட்டத் தெரியாமல் இல்லை. மாமாவின் பைக்கில் கியர் பழகி, பதினெட்டு முடிந்ததுமே லைசன்ஸ் எடுத்தவள். ஆனால் என் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். மொபெட்டில் ஹேண்டிலை ஒடித்தால் அது முட்டியில் இடித்து நின்றுவிடும்.

தூக்கிவிட்டவர்களில் ஒருவர், பெண்பிள்ளைக்கு எதற்கு வண்டி என்று கேட்டார்.

எனக்கு வண்டி வேண்டியிருந்தது…

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பு வாரப் போய்க்கொண்டிருந்த எனக்கு, அப்போதுதான் ஆரோவில் பக்கம் இடையஞ்சாவடியில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு மாவு பிசைய நிற்கவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து, மெயின் ரோட்டில் இறங்கி நடந்தால் ஆறே முக்கால் ஆகிவிடும். பேக்கரி அக்கா திட்டவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நேரத்துக்கு வர முடியாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று மட்டும் சொன்னார். மழைக்காலம் வந்துவிட்டால் உப்பளத்தில் யாருக்கும் வேலை இருக்காது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு இந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு கயிறு எடுத்துவந்தார். என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, அம்மாவிடம் தொடையிலிருந்து பாதம் வரை அளக்கச் சொல்லி, முடிச்சுப் போட்டு வாங்கிக்கொண்டார்.

உப்பு வாரும் பலகைக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் கம்பு வெட்டுவார்கள். ஆளுக்கு ஆள் உயரம் பார்த்து. அடுத்தவர் பலகையை எடுத்து வாரினால் சாயங்காலம் இடுப்பு சொல்லிவிடும். வண்டிக்கும் அதே கணக்கு என்று அப்பா நினைத்தார். உயரமான பெண்ணுக்கு உயரமான வண்டி.

மறுநாளே கயிறும் கையுமாகப் பாண்டிச்சேரிக்குப் போய், பழைய பைக் விற்கும் கடையில் ஒன்றைப் பார்த்து, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப்போனார்.

கறுப்பு க்ரூஸர், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் பெரிய பைக். சைலன்சரில் முகம் தெரியும். முன்பு வைத்திருந்தவர் சீட்டுக்கு மேல் இன்னொரு குஷன் தைத்துப் போட்டிருந்தார். அப்பா சீட்டிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டுக் காட்டினார். முடிச்சு சரியாகத் தரையைத் தொட்டது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை…

பக்கத்தில் இன்னொரு க்ரூஸர் நின்றது. வெளுத்துப்போன சிவப்பு, தாழ்ந்த சீட்டு. அது குட்டை, உனக்கு ஆகாது என்றார் அப்பா.

கறுப்பில் ஏறி உட்கார்ந்தேன். கால் வைக்கும் கம்பி சீட்டுக்கு நேர் கீழே இருந்தது. முட்டி மடங்கி மேலே வந்தது. ஹேண்டிலை வலது பக்கம் முழுக்கத் திருப்பினேன். இடித்தது. இடது பக்கம்… அங்கேயும் இடித்தது. ஆறாத காயம் விண்ணென்றது.

இறங்கி நின்றேன். ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்றார் கடைக்காரர். இல்லாவிட்டால் ஒரு ஸ்கூட்டர் பாரும்மா, பெண்களுக்கு அதுதான் லட்சணம் என்றும் சொன்னார்.

"வாக்கு குடுத்துட்டேம்மா," என்றார் அப்பா மெதுவாக.

வெளி ஆள் முன்னால் அதுவரை இது வேண்டும் என்று வாய் திறந்து சொன்னவள் இல்லை நான். யார் எது கேட்டாலும் அம்மா முகத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு அம்மாவும் இல்லை. யாரையும் கேட்காமல் அந்தச் சிவப்பு வண்டியில் போய் உட்கார்ந்தேன்.

கம்பி நன்றாக முன்னால் தள்ளி இருந்தது. கால் தாராளமாக நீண்டது. ஹேண்டிலை முழுக்க ஒடித்துப் பார்த்தேன். முட்டிக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் போகும். அந்தப் பக்கமும் நாலு விரல்.

"ஒசரம் சீட்ல இல்லப்பா," என்றேன். "சீட்டுக்கும் கால் வெக்கிற எடத்துக்கும் நடுவுல இருக்கணும். அந்தக் கறுப்ப எடுத்தா மறுபடி விழுவேன். எனக்கு இதான் வேணும்."

கடைக்காரர் சிரித்தார். "இன்னா பெரியவரே, வீட்ல யார் பேச்சு நடக்குது?"

அப்பா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓட்டப்போறது அவதாங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. செவப்ப குடுங்க."

திரும்பி வரும்போது நான் ஓட்ட, அவர் பின்னால். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. கோபம் என்றே நினைத்துக்கொண்டு முப்பதில் உருட்டிக்கொண்டு வந்தேன். உப்பளம் தெரிந்ததும் காதருகே குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போயேன்."

முதல் தேதி, ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேக்கரி வாசலில் நின்றேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். ஏப்ரனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இப்போது எல்லாம் போனிலேயே இருக்கிறது… எத்தனை உயரத்துக்கு எந்த வண்டி என்று சின்னப் பெண்கள் மில்லிமீட்டரில் பேசுகிறார்கள். போன மாதம் புது க்ரூஸர் எடுக்கப் போனேன். நாலு வண்டியில் உட்கார்ந்து நாலையும் வேண்டாம் என்றேன். கடைத் தம்பி சிரித்த முகம் மாறாமல் ஐந்தாவதைக் காட்டினான். வேண்டாம் என்று சொல்வது இன்று அவ்வளவு சுலபம். அன்று என் ஒரு 'வேண்டாம்' என்பதற்காக அப்பா கொடுத்த வாக்கையும் விட்டு, கடைக்காரர் கேலியையும் வாங்கிக்கொண்டார் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அப்பாவுக்கு இப்போது பின்சீட்டில் காலைத் தூக்கிப்போட முடிவதில்லை. புது வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டு வா, நிற்கிறேன் என்றார்.

பிரம்மதேசம் வரைக்கும் போய்த் திரும்பினேன். பின்னால் ஆள் இல்லாவிட்டால் வண்டி லேசாகத்தான் இருக்கிறது… எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.